இரண்டு முட்டங்களும் நாற்பது பேர் விடுதியும்

குமரி மாவட்டத்தில் முட்டம் இரண்டு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கன்னியாகுமரி ஊரை ஒட்டிக் கிழக்குப் பக்கம் இருப்பது சின்னமுட்டம். நாகர்கோவிலிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில், பாறைகளும் கலங்கரை விளக்கமுமாக நிற்பது முட்டம். 1981இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படம் எடுத்த ஊர் என்றால் அப்பாக்களுக்கு உடனே விளங்கிவிடும். பிள்ளைகளுக்கு விளங்காது. இரண்டுமே மீனவர் ஊர்கள், இரண்டிலும் துறைமுகம் இருக்கிறது. பெட்டி படுக்கையோடு தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டால் அரை நாள் போய்விடும். கண்டக்டரிடம் "முட்டம்" என்று மட்டும் சொல்லாமல் "அம்மாண்டிவிளை பக்கம் முட்டம்" என்று சொல்லுங்கள்.

இந்தக் கடற்கரையில் சின்னச் சின்ன விடுதிகளில் முதல் வருடம் தங்க வரும் மாணவர்களுக்கும், அவர்களை அனுப்பிவிட்டு ஊரில் தூக்கமில்லாமல் கிடக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன். பெரிய வளாகத்தில் தங்குவது பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாற்பது ஐம்பது பேர் மட்டும் தங்கும், கடைசி பஸ் போய்விட்டால் வெளியே போக வழியில்லாத விடுதியின் கணக்கே வேறு.

பல்கலைக்கழகம் என்றதும் மனதில் வருவது பெரிய வாசலும் மரங்கள் நிற்கும் சாலையும்தான். இங்கே அது கிடையாது. குமரி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1990இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலிக்கு வெளியே அபிஷேகப்பட்டியில். பொறியியல் படிப்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம், அது சென்னையில். சான்றிதழில் பெயர் வரும் இடத்தைப் பட்டம் வாங்கும்வரை பார்க்காமலே பலர் படித்து முடித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகமே கடலோரம் வந்து உட்கார்ந்த இடங்களும் உண்டு. முட்டத்துக்குக் கிழக்கே இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டையில் வைத்திருக்கும் கடல் உயிரியல் நிலையமும் இதே வகை. உப்பு நீர்த் தொட்டியில் வளரும் உயிரை நகரத்துக்குத் தூக்கிப்போக முடியாது. அதனால் படிக்கிறவர்கள்தான் கடலுக்கு வரவேண்டியிருக்கிறது. மற்றக் கல்லூரிகள் ஒதுக்குப்புறத்தில் முளைத்ததற்கு இவ்வளவு அழகான காரணம் கிடையாது. நிலம் அங்கே கிடைத்தது, அவ்வளவுதான்.

விடுதியைப் பார்க்கப் போகும் நாளில் பெற்றோர் கட்டிலைத் தட்டிப் பார்க்கிறார்கள், மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. நாகர்கோவிலிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஞாயிற்றுக்கிழமையும் அது ஓடுகிறதா? ஒதுங்கிய விடுதியில் வார்டன் போடும் விதிகளைவிட அந்தக் கடைசி பஸ்தான் பெரிய விதி. படம், பிரியாணி, நண்பனின் பிறந்தநாள் எல்லாம் அதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. பையன்கள் சில்லறையோடு ஏறட்டும்.

இரண்டாவது கேள்வி தண்ணீர். கடலோரத்தில் ஒரு கிணறு நல்ல தண்ணீராகவும் பக்கத்துக் கிணறு உப்பாகவும் இருக்கும். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகும். குடிக்க என்ன தண்ணீர், குளிக்க என்ன தண்ணீர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். தனியார் நடத்தும் மகளிர் விடுதி என்றால் மாவட்ட ஆட்சியரிடம் வாங்கிய உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். கேட்டால் முகம் சுளிக்கிற விடுதியைப் பற்றி வேறு எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது மெஸ் கணக்கு. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதல் வருடத்தில் வீட்டுக்குப் போகும் சண்டைகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

நம் ஊர் விடுதிகள் பலவற்றில் இருப்பது டிவைடிங் சிஸ்டம். மாதத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே முடிவான தொகை கிடையாது. மாதக் கடைசியில் ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்ட ஆள்நாட்களால் வகுப்பார்கள். நாற்பது பேர் முப்பது நாள் சாப்பிட்டால் 1,200 ஆள்நாள். அரிசி, மளிகை, காய், மீன் எல்லாம் சேர்த்து 96,000 ரூபாய் ஆனது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 80 ரூபாய், மாதம் 2,400. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் சமையல்காரர் சம்பளம், உதவியாள் சம்பளம், கேஸ், கரண்ட் இவையெல்லாம் சாப்பிட்ட நாளைப் பார்த்துக் கூடிக் குறைவதில்லை. அதை எஸ்டாப்ளிஷ்மென்ட் என்று தனியாக எழுதித் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அது மாதம் 60,000 என்றால் நாற்பது பேருக்கு ஆளுக்கு 1,500. நானூறு பேர் விடுதியில் பத்து மடங்கு சமையல்காரர்கள் தேவைப்படமாட்டார்கள். நாலு மடங்கு போதும் என்று வைத்தாலும் ஆளுக்கு 600தான் வரும். அதே சாம்பாருக்கு இங்கே 900 ரூபாய் கூடுதல். "பெரிய காலேஜில் மெஸ் பில் கம்மியாமே, இங்கே திருடுகிறார்கள்" என்று பேச்சு எழுவது இந்த இடத்தில்தான். திருட்டும் நடக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் திருட்டே இல்லாவிட்டாலும் சின்ன விடுதியின் பில் கூடத்தான் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் செமஸ்டரில் பத்துப் பேர் சேர்ந்து வெளியே வீடு எடுத்துப் போய்விடுகிறார்கள் என்று வையுங்கள். அந்த 60,000 இப்போது முப்பது பேர் தலையில். ஆளுக்கு 2,000. நீங்கள் ஒரு இட்லிகூட அதிகம் சாப்பிடவில்லை, பில் 500 ரூபாய் ஏறிவிட்டது. அதைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் கிளம்புவார்கள். சின்ன விடுதிகள் மூடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் பெட்டி கட்டினாலே மற்றவர் பாக்கெட்டில் தெரியும்.

ஊருக்குப் போன நாட்களைக் கழிப்பதற்கு மெஸ் ரிடக்‌ஷன் என்று பெயர். தொடர்ந்து இத்தனை நாள் போனால்தான், முன்னதாக எழுதிக் கொடுத்தால்தான் என்று இடத்துக்கு இடம் விதி மாறும். சேரும் அன்றே அந்த விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் முதல் வருடத்திலேயே மெஸ் கமிட்டியில் ஒரு ஆளாக இருங்கள். நாற்பது பேரில் கணக்கு நோட்டைத் திறந்து பார்க்கத் தயாராக இருப்பவர் இரண்டு பேர்தான் இருப்பார்கள். அதனால் இடம் எளிதில் கிடைக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு வந்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முன்னது 2022 செப்டம்பரிலும் பின்னது 2024 ஆகஸ்ட்டிலும் தொடங்கின. மெஸ் பில்லில் ஒரு பங்குக்கு அது காணும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், அதனால் அலுவலகத்தை நச்சரிக்கத் தயங்க வேண்டாம்.

சாப்பாடு எப்படி இருக்கும்? சோறு சிவப்பாக இருந்தால் பயப்படாதீர்கள், இந்தப் பக்கத்துப் புழுங்கலரிசி அப்படித்தான். முதல் வாரம் வயிற்றில் கல்லைப் போட்டதுபோல இருக்கும், பிறகு வெள்ளைச் சோறு பஞ்சுபோலத் தோன்றும். குழம்பு எதுவானாலும் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள். இங்கே 'கறி' என்றால் குழம்பு. கோவை, ஈரோட்டுப் பிள்ளைகள் 'இன்னைக்குக் கறி' என்று கேட்டு ஓடிப்போய் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். மரச்சீனி என்றால் மரவள்ளி, சக்கை என்றால் பலா, நல்லமிளகு என்றால் மிளகு. சமையல்கார அக்கா உங்களை "மக்களே" என்று கூப்பிடுவார். பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். உங்கள் ஒருவரைத்தான் கூப்பிடுகிறார், 'மகனே', 'மகளே' என்பதற்கு இங்கே அதுதான் சொல்.

மீன் கதையில் அந்த இரண்டு முட்டங்களும் திரும்ப வருகின்றன. மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் தடை உண்டு. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு தடையும் வருகிற மாவட்டம் இது. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு, முட்டம் மேற்குக் கணக்கு. கலை அறிவியல் முதலாண்டுப் பிள்ளைகள் வந்து சேரும் நேரத்தில் முட்டத்து விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். வள்ளமும் கட்டுமரமும் ஃபைபர் படகும் போகும் என்பதால் சாளையும் நெத்திலியும் வரும், பெரிய மீன் விலை ஏறிக்கிடக்கும். "கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் தரமாட்டேன் என்கிறார்கள்" என்று ஜூலையில் மெஸ்ஸில் கொடி பிடிக்க வேண்டாம். ஆகஸ்ட் வரட்டும்.

இனி ஆட்கள். நானூறு பேர் விடுதியில் உங்களைப் போன்ற ஒருவரை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். சதுரங்கம் ஆடுபவர், விடியற்காலையில் ஓடுபவர், ஒன்றும் பேசாமல் கூட உட்காரத் தெரிந்தவர் என்று யாராவது இருப்பார். நாற்பது பேரில் தேர்ந்தெடுக்க இடமில்லை, இருப்பவர்களோடுதான் பழக வேண்டும். ஒருவரோடு மனத்தாங்கல் வந்தால் வேறு மேசைக்குப் போகலாம் என்றால், மேசையே இரண்டுதான். மூன்று நாளைக்கு மேல் யாரோடும் பேசாமல் இருக்க முடியாது. பக்கெட் கேட்க வேண்டும், அயன் பாக்ஸ் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, உங்களுக்கு எந்தப் பாடத்தில் அரியர் என்பதெல்லாம் வாட்ச்மேன்வரை தெரிந்திருக்கும். இது சிலருக்கு மூச்சு முட்டும். ஆனால் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கேட்காமலே வந்துவிடும் என்பதும் இதே காரணத்தால்தான். நான் பார்த்தவரை முதல் ஆறு வாரம் பிடிக்காமல் அழுதவர்கள் மூன்றாம் வருடம் அறையைக் காலி செய்யும்போது இன்னொரு தடவை அழுகிறார்கள். எல்லாரும் அல்ல. சிலர் ஆறாவது வாரமே சரியாக முடிவெடுத்து வேறு இடம் போகிறார்கள், அதிலும் தப்பில்லை. தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீண்டால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சீனியர்கள் விஷயத்தில் மட்டும் இந்தச் சின்ன அளவுக்கு இன்னொரு முகம் உண்டு. எந்த பஸ் எங்கே நிற்கும், எந்த ஆசிரியர் ரெக்கார்டில் கறார், எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வெளியே கேட்க ஆளில்லாத இடத்தில் இந்தச் சார்பு கூடுதலாகவே இருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ள நினைப்பவன் ஒருவன் இருந்தால் போதும். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொலையானார். அந்தச் செய்தியைக் கேட்ட வீடுகளில் அன்று சமையல் நடந்திருக்காது. அதன் பின்தான் தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், படிப்பிலிருந்து நீக்கம். புகார் வந்தும் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் நிறுவனத் தலைவரும் குற்றத்துக்குத் துணைபோனவராகவே கருதப்படுவார். நாவரசு வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் முதலாண்டு மாணவர்களைக் கூடியவரை தனி விடுதிக் கட்டடத்தில் வைக்கச் சொல்கின்றன. இருப்பதே ஒரு கட்டடம் என்றால் என்ன செய்வது? தனி மாடி, தனி வராந்தா, இரவில் வார்டனின் சுற்று, இவற்றைக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள் என்பதோடு அது நின்றுவிடுமா என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும். 'முடியாது அண்ணா' என்று நீங்கள் சொன்ன பிறகும் தொடர்ந்தால் அது ராகிங். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய அளவுகோல் இல்லை. ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற எண்ணை அப்பா, அம்மா போனிலும் சேமித்து வையுங்கள். பாதிக்கப்பட்டவரே பேச வேண்டும் என்பதில்லை, அறைத்தோழனோ பெற்றோரோ அழைக்கலாம்.

ராகிங்கைவிட எனக்கு இந்தப் பக்கத்தில் பயம் கடலைப் பற்றித்தான். விடுதி மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற கடல், சாயங்காலம் சும்மா கூப்பிடும். முட்டத்தின் பாறைகள் பாசி படிந்தவை. அலை அடித்து இழுத்தால் கைப்பிடிக்க ஒன்றும் கிடைக்காது. 2024 மே 6ஆம் தேதி, முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். நண்பர் வீட்டுத் திருமணத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. நமக்கு வெகு தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ புயலில் கிளம்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்து இங்கே கரையில் வந்து எழும்புவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். இங்கே காற்றிருக்காது, மேகமிருக்காது, வானம் தெளிந்து கிடக்கும். கள்ளன்போலச் சத்தமில்லாமல் வருவதால் அந்தப் பெயர். மழைக்காலத்துக் கொந்தளிப்பைப் பார்த்தாவது பயந்து ஒதுங்குவோம், இதில் பயப்படவே ஒன்றும் தெரியாது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. செல்போனில் பார்க்கச் சோம்பலா? கரையில் உட்கார்ந்து வலை பின்னுபவரிடம் கேளுங்கள். வள்ளக்காரர் இறங்காத நாளில் நீங்கள் கால் நனைக்கவும் இறங்காதீர்கள்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. ஜூன் ஜூலையில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் நவம்பரில் வடகிழக்கு. இரண்டும் இங்கே பெய்யும். சென்னைப் பிள்ளைகள் ஒன்றைத்தான் பார்த்திருப்பார்கள். துணி இரண்டு நாளானாலும் காயாது, எனவே நைலான் கயிறும் கிளிப்பும் புத்தகத்தைவிட முக்கியம். உப்புக் காற்றில் இரும்பு டிரங்குப்பெட்டி ஒரே வருடத்தில் பல்லைக் காட்டும், பிளாஸ்டிக் பெட்டி கொண்டுவாருங்கள். பூட்டின் துவாரத்தில் மாதம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு காலை பரீட்சைக்குப் போகும் அவசரத்தில் சாவி திரும்பாது. டார்ச் லைட் ஒன்று கட்டாயம். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல இடங்களில் கரண்ட் வரப் பல நாள் ஆனது. சாதாரணக் காற்றுக்கும் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் போதும், அன்றிரவு இருட்டுதான்.

விடுமுறைகளும் இங்கே கொஞ்சம் வேறு மாதிரி. நவம்பர் 1 உள்ளூர் விடுமுறை. 1956இல் அந்த நாளில்தான் குமரி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு விடுமுறை, மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்கு விடுமுறை. மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் அன்று வகுப்பு நடக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் முதல் நாள் மாலையே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விடுதியில் ஆறேழு பேர் மிஞ்சுவார்கள், எல்லாரும் தூரத்து ஊர்க்காரர்கள். முதல் தடவை அந்த அமைதி கொஞ்சம் உலுக்கும். உள்ளூர்த் தோழன் "வீட்டுக்கு வாயேன்" என்று கூப்பிட்டால் உபசாரத்துக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்து மறுக்காமல் போய்வாருங்கள். திருவிழாச் சாப்பாடு மெஸ்ஸில் கிடைக்காது.

உங்கள் சொந்த ஊருக்குப் போகிற பயணத்துக்குத்தான் திட்டம் வேண்டும். நாகர்கோவில் சந்திப்பிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு முழுவதும் ரயில். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பொங்கலுக்கு ஜனவரி 13 ரயில் வேண்டுமென்றால் நவம்பர் 14 காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். அது மெஸ்ஸில் இட்லி போடும் நேரம். இது போன்ற விடுதிகளில் டவர் நன்றாகக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் மொட்டை மாடிதான். முந்தின இரவே சீனியர் ஒருவரிடம் மாடிச் சாவியைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு இட்லியை எடுத்து மூடிவைக்கச் சமையல்கார அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள்.